மேரியும் மர்யமும் மரியாளும்: ஒரு பெண்பெயர் பிறந்த இடமும் பரவிய காரணமும்

மேரி என்ற பெயரைப் பற்றித் திருகோணமலையில் மூன்று கூற்றுகளை அடிக்கடி கேட்கலாம். அது வெள்ளைக்காரர் கொண்டுவந்த ஆங்கிலப் பெயர் என்பது ஒன்று. மாரியம்மனின் பெயர்தான் மேல்நாடு போய் மேரியாகத் திரும்பி வந்தது என்பது இன்னொன்று. 'கடலின் விண்மீன்' என்பதே அதன் பொருள், ஆகையால் துறைமுக ஊரிற் பிறந்த பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்பது மூன்றாவது. மூன்றும் மிகுந்த நம்பிக்கையோடு சொல்லப்படுகின்றன. முதலாவது பாதி சரி. இரண்டாவது முழுப் பிழை. மூன்றாவதோ, ஒரு பழைய எழுத்துப் பிழையிலிருந்து பிறந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இவற்றைக் காட்டிலும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அதை ஊரில் அதிகம் பேர் பேசுவதில்லை. கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற மேரியும், கிண்ணியாவில் குர்ஆன் ஓதப் போகும் மர்யமும் ஒரே பெயரைத்தான் சுமக்கிறார்கள். ஒலி சற்று ஒத்திருப்பது தற்செயல் என்று இரு வீட்டாருமே நினைக்கக்கூடும். உண்மையில் வேர் ஒன்றே. வந்த வழிகள்தாம் வேறு. அந்த வழிகளைப் பின்தொடர்ந்து பார்த்தால், பொதுவாகவே ஒரு பெயர் எப்படித் தோன்றுகிறது, எப்படிப் பரவுகிறது என்பதும் விளங்கிவிடும்.

தோற்றம் ஒரு கேள்வி, பரவல் வேறு கேள்வி

திருகோணமலை மீன் சந்தையில் ஓர் அறுக்குளாவைக் காட்டி, அது எந்தக் கடலில் பிடிபட்டது என்று கேட்கலாம். இன்று ஏன் இந்த விலைக்குப் போகிறது என்றும் கேட்கலாம். முதற்கேள்விக்கு விடை படகுக்காரரிடம் இருக்கிறது. இரண்டாவதற்கான விடை வாடைக்காற்று, விரத நாள், கல்யாண மாதம், கொழும்புக்குப் புறப்படும் லொறி என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஆழ்கடலில் பிடிபட்டது என்பதால்தான் இன்று விலை ஏறியது என்று ஒருவர் சொன்னால், மீன் வாங்கிப் பழகிய எவரும் அதை ஏற்றுக்கொள்ளமாட்டார்.

பெயர்களின் காரியமும் இப்படித்தான். ஒரு பெயர் எந்த மொழியில், எந்தச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதை ஆராய்வதைச் சொற்பிறப்பு ஆய்வு என்கிறோம். அந்தப் பெயரை எத்தனை பெற்றோர், எந்தக் காலத்தில், எதைக் கண்டு தெரிந்தெடுத்தார்கள் என்பது பரவல் பற்றிய ஆய்வு. முன்னது மொழியின் வரலாறு. பின்னது மனிதரின் வரலாறு. நமது பெயர்ப் புத்தகங்களும் கைபேசிப் பட்டியல்களும் இவ்விரண்டையும் ஒரே வரியில் அடைத்து, 'இந்தப் பெயருக்கு இதுதான் பொருள். அதனால்தான் மக்கள் இதை விரும்பினார்கள்' என்று முடித்துவிடுகின்றன. பெரும்பாலான குழப்பங்களுக்கு அந்த 'அதனால்தான்' என்ற சொல்லே காரணம்.

வேர்: நான்கு எழுத்துகள்

இந்தப் பெயரின் மிகப் பழைய வடிவம் எபிரேய மொழியில் கிடைக்கிறது. மோசேயின் தமக்கை, தமிழ் வேதாகமத்தில் மிரியாம் என்று எழுதப்படுபவர், இந்தப் பெயரைத் தாங்கிய முதற்பெண்ணாக நமக்கு அறிமுகமாகிறார். எபிரேயத்தில் அப்பெயர் மேம், ரேஷ், யோத், மேம் என்ற நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டது. நான்கும் மெய்யெழுத்துகள். பண்டைய எபிரேய எழுத்துமுறையில் உயிரொலிகள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. வாசிப்பவரே தம் பேச்சுப் பழக்கத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்வார். உயிரொலிகளைக் காட்டும் புள்ளிகளும் கோடுகளும் கி.பி. முதலாயிரத்தின் பிற்பகுதியில்தான் யூத அறிஞர்களால் முறையாகச் சேர்க்கப்பட்டன. அவர்கள் குறித்து வைத்த ஒலிப்பே மிரியாம்.

ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, இயேசுவுக்கும் முந்திய காலத்தில், யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்திருந்தார்கள். கிரேக்கத்தில் உயிரெழுத்துகளை எழுதாமல் விடமுடியாது. அங்கே அதே பெண்ணின் பெயர் மரியாம் என்று இருக்கிறது. ஆகவே, முதலெழுத்தின் ஒலி பழங்காலத்தில் 'மி' என்பதைவிட 'ம' என்பதற்கே நெருக்கமாக இருந்தது என்று கொள்ளலாம். இயேசுவின் காலத்தில் பாலஸ்தீனத்து மக்கள் பேசிய அரமேய மொழியிலும் அது மர்யம்தான். இதனால் கிடைக்கும் முடிவு சிலருக்கு வியப்பாக இருக்கும்: நாசரேத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் மகளை அழைத்த ஒலிக்கு, கதீட்ரலில் சொல்லப்படும் மேரியைவிடக் கிண்ணியாவில் சொல்லப்படும் மர்யமே அருகில் இருக்கிறது.

கடைசி 'ம்' எங்கே போனது என்பதற்கு விளக்கம் எளிது. ஒரு மொழி வேற்றுப் பெயரை ஏற்கும்போது, அதைத் தன் இலக்கணத்துக்கு இசையும்படி வளைக்கிறது. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பெண்பெயர்கள் பெரும்பாலும் 'ஆ' என்ற ஒலியில் முடிபவை. 'ம்' என்று முடியும் பெண்பெயர் அங்கே அந்நியமாக நின்றது. எனவே மரியாம் மரியாவானது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டிலேயே இரண்டு வடிவங்களும் கலந்து வருகின்றன. தமிழும் இதே வேலையைச் செய்திருக்கிறது. சாராள், அன்னாள், மார்த்தாள் என்பவற்றில் தமிழ்ப் பெண்பால் விகுதி ஒட்டியிருப்பதைப் போலவே மரியாளிலும் ஒட்டியிருக்கிறது. கத்தோலிக்கரின் பழைய வழக்கில் மரியாயி என்றும் உண்டு. கேரளத்துச் சிரியக் கிறித்தவர்களோ 'ம்' என்ற ஒலியை விடாமல் வைத்துக்கொண்டு மறியம் என்றார்கள்; அம்மாவைச் சேர்த்து மறியம்மா என்றும் அழைத்தார்கள். அவர்களுக்குப் பெயர் வந்தது ஐரோப்பா வழியாக அல்லாமல், அரமேயத்தின் கிளையான சிரியக் மொழி வழியாக என்பதற்கு அந்த 'ம்' ஒன்றே போதிய சாட்சி.

இப்படி ஒரே வேரிலிருந்து கிளைத்து, மொழிக்கு மொழி உருமாறிய பெயர்களை ஒருவேர்ப் பெயர்கள் என்று அழைக்கலாம். மிரியாம், மர்யம், மரியா, மரியாள், பிரெஞ்சின் மரீ, ஆங்கிலத்தின் மேரி ஆகிய எல்லாம் ஒருவேர்ப் பெயர்கள். மேரி ஆங்கிலப் பெயர் என்ற முதற்கூற்று பாதி சரி என்று சொன்னதற்குக் காரணம் இதுவே: அந்த உருவம் ஆங்கிலத்தினுடையது, பெயர் ஆங்கிலத்தினுடையதன்று.

பொருள் என்ன என்ற கேள்வி

பெயர்ப் புத்தகங்கள் தயங்காமல் பொருள் சொல்கின்றன. அறிஞர்களிடம் அந்த உறுதி இல்லை. எபிரேயத்தில் 'மர்' என்றால் கசப்பு. ரூத்தின் கதையில், கணவனையும் பிள்ளைகளையும் இழந்து ஊர் திரும்பும் நகோமி, தன்னை இனி மாராள் என்று கூப்பிடுங்கள் என்று சொல்வது இந்தச் சொல்லை வைத்துத்தான். அதனால் மிரியாமுக்கும் கசப்பு என்றே பொருள் கொண்டவர்கள் உண்டு. கலகம் என்ற பொருளுடைய எபிரேயச் சொல்லோடு இணைத்தவர்களும் உண்டு. மோசேயின் பெயர் எகிப்திய மொழியைச் சேர்ந்தது என்று பலர் கருதுவதால், அவருடைய தமக்கையின் பெயரும் அன்பைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது இன்னொரு கருத்து. இவற்றில் எதுவும் முடிந்த முடிவாக நிலைபெறவில்லை.

'கடலின் விண்மீன்' என்பதன் கதை தனியாகச் சொல்லத் தக்கது. 4 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த புனித எரோணிமுஸ் வேதாகமத்தின் எபிரேயப் பெயர்களுக்கு இலத்தீனில் பொருள் எழுதினார். 'மர்' என்பதற்குத் துளி என்றும் ஒரு பொருள் உண்டு. 'யாம்' என்றால் கடல். இரண்டையும் சேர்த்து, கடலின் ஒரு துளி என்ற பொருளில் அவர் 'ஸ்தில்லா மாரிஸ்' என்று எழுதினார். கையால் ஏட்டைப் பார்த்து ஏடு எழுதிய காலத்தில், எங்கோ ஒரு கையில் 'ஸ்தில்லா' என்பது 'ஸ்தெல்லா' ஆகிவிட்டது. ஸ்தெல்லா என்றால் விண்மீன். பொதுவாக ஏற்கப்படும் விளக்கம் இதுதான். ஓர் எழுத்து மாறியதில் துளி விண்மீனாகியது. மாலுமிகளுக்கு வழிகாட்டும் தாய் என்ற பக்தி அதன்மேல் வளர்ந்தது. பாடல்களும் ஆலயங்களும் எழுந்தன. நம்மிடையே உள்ள மேரி ஸ்டெல்லா என்ற இரட்டைப் பெயர் அந்தப் பிழையின் கொடிவழியில் வந்ததே. அதனால் அந்தப் பெயரின் அழகு எள்ளளவும் குறையாது என்பது என் எண்ணம். பிழையாகப் பிறந்த பொருளும் ஆயிரம் ஆண்டுக் காலம் மக்கள் நம்பி வாழ்ந்தபின் தனக்கென ஒரு வரலாற்றைப் பெற்றுவிடுகிறது. ஆனால் அது பெயரின் தோற்றத்துக்குச் சான்றாகாது.

இதுவரை கண்டவற்றைச் சுருக்கிச் சொன்னால்: பெயர் எபிரேயத்திலும் அரமேயத்திலும் வேரூன்றியது, ஒவ்வொரு மொழியும் தன் இலக்கணப்படி அதை மாற்றிக்கொண்டது, அதன் மூலப்பொருள் ஐயத்துக்குரியது.

மாரியும் மேரியும்

ஒலி ஒத்திருப்பதை மட்டும் பார்த்து இரண்டு சொற்களை உறவாக்குவதற்கு மக்கள் சொற்பிறப்பு என்று பெயர். 'மாரியே மேரி' என்பது அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மாரி என்றால் மழை. சங்க காலத்திலேயே அச்சொல் முழு வழக்கில் இருந்தது. உலகத்தைக் காப்பவன் பாரி ஒருவன் மட்டுமல்லன், மாரியும் உண்டு என்று கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டு 107 ஆவது. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் மழைக்காலத்தை இன்றும் நாம் மாரிகாலம் என்றுதான் சொல்கிறோம். மாரியம்மன் என்ற பெயரைத் தமிழ்கொண்டே விளக்கிக்கொள்ளலாம். அதற்குப் பாலஸ்தீனம் தேவையில்லை. மர்யத்தையும் செமித்திய மொழிகளைக்கொண்டே தொடரலாம். அதற்குத் தமிழ் தேவையில்லை.

இரண்டு சொற்கள் உறவா, அயலா என்று தீர்மானிக்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. இன்றைய வடிவங்களை ஒப்பிடக்கூடாது. கிடைக்கும் மிகப் பழைய வடிவங்களை ஒப்பிட வேண்டும். மாரியையும் மேரியையும் பக்கத்தில் வைத்தால் ஓர் உயிரொலிதான் வேறுபாடு. மாரியையும் மர்யத்தையும் வைத்தால் நெருக்கம் குறைந்துவிடுகிறது. மேரி என்ற ஒலி ஆங்கிலத்தில் பிற்காலத்தில் உண்டானது. அதைக் கொண்டு பழைய உறவைத் தேட முடியாது.

மாதாவின் திருவிழாவுக்கு நேர்த்தி வைக்கும் சைவப் பெண்களும், அம்மன் கோயில் தீமிதிப்பைப் பார்க்கப் போகும் கத்தோலிக்கரும் நம் மண்ணில் உண்டு. மடு மாதாவிடம் போகாத சமயத்தாரே இல்லை என்று சொல்லலாம். வழிபாட்டில் மக்கள் கலந்திருக்கிறார்கள் என்பது உண்மை. அந்தக் கலப்பை விளக்குவதற்குச் சொற்களை உறவாக்க வேண்டியதில்லை.

திருகோணமலைக்கு வந்த மூன்று வழிகள்

ஒரு வழி அரபு மொழி வழி. குர்ஆனின் 19 ஆவது அத்தியாயம் ஈஸா நபியின், அதாவது இயேசுவின், தாயார் மர்யம் அலைஹஸ்ஸலாம் அவர்களின் பெயராலேயே வழங்குகிறது. அதில் 98 வசனங்கள் உள்ளன. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் பெண் அவர் ஒருவரே. இந்துப் பெருங்கடல் வணிகத்தோடு இலங்கைக்கு வந்த இஸ்லாத்தோடு அந்தப் பெயரும் வந்தது. தமிழ் நாவில் அது மரியம் என்றும், மரியம் பீவி என்றும் வழங்கியது.

இரண்டாவது போர்த்துக்கேய வழி. 1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக்கொண்டு திருகோணமலையில் கோட்டை கட்டினார்கள். அவர்கள் இங்கே நீடித்தது சொற்ப காலம். 1639 இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தை ஒடுக்கியபோதும் மரியா என்ற பெயர் தடைப்பட வேண்டிய தேவை எழவில்லை, ஏனெனில் அவர்கள் மொழியிலும் அது மரியாதான். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியர் குடும்பங்கள் போர்த்துக்கேயக் கலப்பு மொழியை அண்மைக் காலம்வரை காத்து வந்ததைப் போல, இத்தகைய பெயர்களையும் காத்து வந்தன.

மூன்றாவது ஆங்கில வழி. 1795 இல் ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்றிய பின்னர் பாதிரிமாரும் கன்னியாஸ்திரிகளும் நடத்திய பள்ளிக்கூடங்கள் எழுந்தன; 1893 இல் திருகோணமலை தனி மறைமாவட்டமானது. ஞானஸ்நானப் பதிவு, பள்ளிக்கூட இடாப்பு, பிறப்புச் சான்றிதழ் ஆகிய மூன்றிலும் ஆங்கில எழுத்து நுழைந்தபோது மரியா மேரியாக எழுதப்பட்டாள். வேதாகமம் மரியாள் என்கிறது, கதீட்ரலும் கல்லூரியும் தமிழில் புனித மரியாள் பெயரையே தாங்குகின்றன. பிள்ளையின் பெயர் மட்டும் மேரி. ஒரே ஊரில் ஒரே பெயர் பல உருவங்களில் நிற்பதற்குக் காரணம், எந்த வழியும் முந்திய வழியை அழித்துவிடவில்லை என்பதே.

ஏன் இத்தனை பேர் வைத்தார்கள்?

இனி இரண்டாவது கேள்விக்கு வரலாம். புதிய ஏற்பாட்டை வாசிக்கும் சிறுவர்கள், எத்தனை மரியாள்கள் என்று குழம்புவதுண்டு. இயேசுவின் தாய், மகதலேனா மரியாள், பெத்தானியாவில் மார்த்தாளின் சகோதரி, யாக்கோபின் தாய், குலோப்பாவின் மரியாள் என்று வரிசை நீள்கிறது. ஊரையோ உறவையோ சேர்த்துத்தான் இன்னார் என்று காட்ட முடிந்தது. காரணம், அக்காலத்துப் பாலஸ்தீன யூதப் பெண்களிடையே மரியாமும் சலோமேயுமே மிக மிகப் பரவிய பெயர்கள் என்பது கல்லறைக் கல்வெட்டுகளாலும் ஏடுகளாலும் தெரிகிறது. அதற்குச் சொல்லப்படும் விளக்கம் அரசியல் சார்ந்தது: உரோமருக்கு முன் யூதரை ஆண்ட ஹஸ்மோனிய அரச குலத்தில் அப்பெயர்கள் இருந்தன. அந்தக் குலத்து இளவரசி மரியாம்னேயை மணந்த பெரிய ஏரோது மன்னன் கி.மு. 29 இல் அவளைக் கொல்வித்தான். தங்கள் சொந்த அரசர்களை நினைவில் வைத்திருந்த மக்கள் பிள்ளைகளுக்கு அப்பெயர்களை விரும்பி வைத்திருக்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது, இயேசுவின் தாய் பிறப்பதற்கு முன்பே அந்தப் பெயர் பரவியிருந்தது என்பதுதான்.

அதற்குப் பின் நடந்தது நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. கி.பி. 431 இல் எபேசு நகரில் கூடிய சங்கம் மரியாளை இறைவனின் தாய் என்று அறிவித்தது, பக்தி பெருகியது. பெயர் உடனே பெருகியிருக்க வேண்டும் அல்லவா? மேற்கு ஐரோப்பாவில் சாதாரணப் பெண்களுக்கு அது பரவலாக வைக்கப்பட்டது 12 ஆம் நூற்றாண்டை ஒட்டியும் அதன் பின்னருமே. அளவுகடந்த மரியாதை பெயருக்குத் தடையாக நின்றது. தாயாரின் பெயரைச் சந்தையில் கூவி அழைப்பதா, பிள்ளையைத் திட்டும்போது அந்தப் பெயரைச் சொல்வதா என்ற தயக்கம் நமக்கு எளிதில் விளங்கும். அயர்லாந்து மொழியில் அன்னைக்கு மட்டும் முயிரே என்ற வடிவத்தை ஒதுக்கிவிட்டு, மனிதப் பெண்களுக்கு மோய்ரே என்ற வேறு வடிவத்தை வழங்கினார்கள். போலந்தில் இந்தத் தடை இன்னும் கடுமையாக இருந்தது: 17 ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்நாட்டு மன்னரை மணந்த பிரெஞ்சு இளவரசி, தன் பெயரிலிருந்த மரியாவைப் பின்னுக்குத் தள்ளி, லுத்விகா என்ற பெயரால் அரசியாக வேண்டியிருந்தது.

ஸ்பானியர் கண்ட வழி மிகவும் நுட்பமானது. பெயரைத் தொடாமல் பட்டங்களைப் பெயராக்கினார்கள். வியாகுல அன்னையிலிருந்து தொலோரெஸ், இரக்கத்தின் அன்னையிலிருந்து மெர்செதெஸ், தூண் அன்னையிலிருந்து பிலார், கார்மேல் அன்னையிலிருந்து கார்மென் வந்தன. இந்த இடத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் யாரும் புன்னகைப்பார்கள். ஆரோக்கியம், சகாயம், அமலோற்பவம், லூர்து என்று நம்மவர் வைத்த பெயர்கள் அதே முறையில் பிறந்தவைதாம். ஆரோக்கியமேரி வேளாங்கண்ணியின் ஆரோக்கிய அன்னையிடமிருந்தும், சகாயமேரி சதா சகாய அன்னையிடமிருந்தும், அமலோற்பவமேரி, மரியாள் பிறவிப் பாவக் கறையின்றி உருவானவர் என்று 1854 இல் திருத்தந்தை அறிவித்த அமலோற்பவக் கோட்பாட்டிலிருந்தும், லூர்துமேரி 1858 இல் பிரான்சில் நடந்ததாக நம்பப்படும் காட்சியிலிருந்தும் வந்தவர்கள். இவற்றில் மேரியைச் சேர்த்தாலும் விட்டாலும், வேர் எது என்பதில் மாற்றமில்லை. பட்டியலில் மேரியை மட்டும் எண்ணுபவர், ஆரோக்கியத்தையும் சகாயத்தையும் தவறவிட்டுவிடுவார்.

இந்தப் பகுதியின் சாரம்: பெயரைப் பரப்பியது அதன் பொருளன்று. அதைத் தாங்கிய மனிதர்மீது மக்கள் கொண்ட பற்று சில காலம் அதைப் பரப்பியது. அதே பற்று சில இடங்களில் அதைத் தடுக்கவும் செய்தது.

எண்ணிக்கை, பங்கு, இடம்

'மிகப் புகழ்பெற்ற பெயர்' என்ற சொற்றொடர் மூன்று வெவ்வேறு அளவுகளைக் குறிக்கலாம். ஓர் ஆண்டில் எத்தனை குழந்தைகளுக்கு வைத்தார்கள் என்பது எண்ணிக்கை. நூறு பெண் குழந்தைகளில் எத்தனை பேர் என்பது பங்கு. எல்லாப் பெயர்களையும் வரிசைப்படுத்தினால் எத்தனையாவது என்பது இடம். மூன்றும் சேர்ந்தே ஏற வேண்டும், சேர்ந்தே இறங்க வேண்டும் என்ற விதி இல்லை.

இதைக் காட்டுவதற்கு அமெரிக்கப் புள்ளிவிவரம் வசதியானது, ஏனெனில் அந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பிறப்புகளுக்குப் பெயர்ப் பட்டியல் வெளியிடுகிறது. அதில் 1880 முதல் 1946 வரை ஒவ்வோர் ஆண்டும் மேரியே முதலிடம். 1947 முதல் 1952 வரை லிண்டா முந்தியது. 1953 முதல் 1961 வரை மீண்டும் மேரி. 1962 இல் லிசா வந்த பிறகு மேரி முதலிடத்துக்குத் திரும்பவேயில்லை. இந்த நூற்றாண்டில் முதல் நூறு பெயர்களுக்கும் வெளியே போய்விட்டது.

இடத்தை மட்டும் பார்த்தால், லிண்டாவின் ஆறு ஆண்டுகளைத் தவிர, 1961 வரை மேரி அசையாமல் நின்றது போலத் தோன்றும். பங்கைப் பார்த்தால் கதை மாறுகிறது. 1880 இல் பட்டியலிலுள்ள பெண் குழந்தைகளில் சுமார் 7% பேர் மேரிகள். 1961 இல் அதே முதலிடத்தில் நின்ற மேரியின் பங்கு 2% அளவே. பெற்றோர் பல்வகைப் பெயர்களைத் தேடத் தொடங்கியதால் முதலிடத்தின் கனமே குறைந்துவிட்டது. சிம்மாசனம் அங்கேயே இருந்தது, ஆனால் இராச்சியம் சுருங்கிவிட்டது.

லிண்டாவின் எழுச்சியும் ஒரு பாடம். 1947 இல் அந்தப் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஒரு பாடல் பெரும் புகழ் பெற்றது. பாடலால்தான் பெயர் பரவியது என்று அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. லிண்டா அதற்கு முன்பே பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டிருந்த பெயர். பாடல் அதை மேலும் உந்தியது. பிரபலமான நடிகையாலோ தொலைக்காட்சித் தொடராலோ ஒரு பெயர் வந்தது என்று நாம் சொல்லும்போதும், அந்தப் பெயர் ஏற்கெனவே காற்றில் இருந்ததா என்று பார்ப்பது நல்லது. அநேகமாக இருந்திருக்கும்.

திருகோணமலையில் மேரி எங்கே இருக்கிறாள்?

இங்கே இன்னொரு சிக்கல் சேர்கிறது: எழுதும் பெயரும் அழைக்கும் பெயரும் வேறு. கத்தோலிக்கக் குடும்பங்களின் மூத்த தலைமுறையில் மேரி என்பது பல பெண்களின் முதற்பெயர். மேரி திரேசா, மேரி யோசப்பின், மேரி புஷ்பம் என்று சான்றிதழில் இருக்கும். வீட்டில் திரேசா, யோசப்பின், புஷ்பம் என்றே அழைப்பார்கள். எல்லோரும் மேரியாக இருக்கும் இடத்தில் மேரி என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பது? பெயர் பெருகப் பெருக, அது அடையாளம் காட்டும் ஆற்றலை இழக்கிறது. இழந்தபின் முன்னொட்டாகச் சுருங்குகிறது. பிறகு ஒரு முதலெழுத்தாக ஒடுங்குகிறது. மகதலேனாவும் பெத்தானியாவும் ஒட்டிக்கொண்ட காரணமும் இதுவே.

இளையவர்களிடம் மேரி தனியாக நிற்பது குறைவு. அது அம்மம்மாவின் பெயராக உணரப்படுகிறது. பெற்றோரின் தலைமுறைப் பெயர் பழையதாகத் தோன்றுவதும், இன்னும் பழைய பெயர்கள் சில காலம் கழித்துப் புதுமையாகத் திரும்புவதும் பெயர்களின் உலகில் வழக்கமான நடை. அப்படித் திரும்பும்போது பெயர் அதே உருவில் வருவதில்லை. மேரியை விட்ட குடும்பம் மரியாவை எடுத்துக்கொள்கிறது. முஸ்லிம் குடும்பங்களில் மரியம் பீவி மறைந்து, அரபு ஒலிப்போடு மர்யம் வருகிறது. இரு பக்கத்திலும் புதுமை என்று தெரிந்தெடுக்கப்படுவது, பழைய மூலத்துக்கு ஓரடி நெருங்கிய வடிவமாக இருப்பதுதான் வேடிக்கை.

பழமை மட்டுமே ஒரு பெயரைப் பரப்பிவிடாது என்பதற்கும் இதே ஊரில் எடுத்துக்காட்டு உண்டு. கோணேசப் பெருமானோடு உறையும் அம்பாளின் பெயர் மாதுமை. 7 ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணமாமலையைப் பாடியிருக்கிறார். தலத்தின் தொன்மைக்குக் குறைவில்லை. ஆயினும் மாதுமை என்ற பெயர் ஈழத்தோடு நெருங்கியே நிற்கிறது. மேரியைப் போலக் கண்டங்கள் தாண்டவில்லை. அதற்குக் காரணம் பெயரின் இனிமைக் குறைவோ பொருட்குறைவோ அன்று. மேரியைக் கப்பல்களும் பேரரசுகளும் மிஷன் பள்ளிகளும் தூக்கிச் சென்றன. மாதுமையை அந்த ஊர்ப் பக்தியும், ஊரைவிட்டுப் போனவர்களின் நினைவுமே சுமக்கின்றன. என்னைக் கேட்டால், எந்த வீட்டிலிருந்து வந்தவள் என்று உடனே காட்டும் பெயர் என்ற வகையில் மாதுமைக்கு ஒரு தனிப் பலம் இருக்கிறது. மேரி அந்தப் பலத்தை எப்போதோ இழந்துவிட்டாள்.

இதே இரண்டு கேள்விகளை இன்னொரு பெயரிடம் கேட்டால்

முறை விளங்கியதா என்று பார்க்க, பாத்திமாவை எடுத்துக்கொள்ளலாம். தோற்றம் அரபு மொழி. குழந்தைக்குத் தாய்ப்பாலை மறக்கச் செய்வதைக் குறிக்கும் வேர்ச்சொல். பரவலுக்குக் காரணம் அந்தப் பொருளன்று. நபிகள் நாயகத்தின் அருமை மகளார் அந்தப் பெயரைத் தாங்கினார் என்பதே. இங்கேயும் அளவற்ற பரவல் பெயரை முன்னொட்டாக்கியிருக்கிறது. மூதூரிலும் கிண்ணியாவிலும் பல பிள்ளைகளின் பெயர் பாத்திமா என்று தொடங்கி இன்னொரு பெயரில் முடிகிறது; வகுப்பில் அழைப்பது அந்த இரண்டாவது பெயரால்.

ஆனால் கத்தோலிக்க வீடுகளிலும் பாத்திமா இருக்கிறாள். பற்றிமா என்றும் எழுதுவார்கள். அவள் வந்தது வேறு வழி. 1917 இல் போர்த்துக்கலின் ஒரு சிற்றூரில் மூன்று சிறுபிள்ளைகளுக்கு மாதா காட்சியளித்தார் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அந்தச் சிற்றூரின் பெயர் பாத்திமா. ஆகவே பற்றிமா என்பது ஆரோக்கியத்தையும் லூர்தையும் போல மரியாளின் பட்டங்களில் ஒன்று. ஸ்பெயினும் போர்த்துக்கலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தை முஸ்லிம்கள் நூற்றாண்டுக்கணக்கில் ஆண்ட காலத்தின் எச்சமாகவே அந்த ஊருக்கு அரபுப் பெண்பெயர் நிலைத்தது. கிண்ணியாவின் பாத்திமாவும் கதீட்ரல் பங்கின் பற்றிமாவும் ஒருவேர்ப் பெயர்கள். முன்னவள் மர்யத்தின் உறவுக்காரி அல்லள், பின்னவளோ மேரியின் இன்னொரு பெயர்.